ஆவணியில் பால் குறைகிறதா? மாசியில் வைக்கோல் சேருங்கள்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் ஆறு கலப்பின மாடுகள், அதில் நாலு கறவையில். தை, மாசியில் நாளுக்கு முப்பது லீற்றர் கிடைத்த பால் வைகாசியில் இறங்கத் தொடங்கி, ஆவணியில் பாதிக்கு வந்துவிடுகிறதாம். சேகரிப்பு நிலையத்தில் கொழுப்புக் குறைவு என்று விலையை வெட்டுகிறார்கள். சில நாள் 'பழுது' என்று பால் திரும்பியும் வருகிறது. தீவன மூட்டை வாங்கியும் கட்டுப்படியாகவில்லை. “நுவரெலியாப் பக்கமிருந்து நல்ல பிரீசியன் மாடு ரெண்டு இறக்கினால் எல்லாம் சரிவரும் என்று மச்சான் சொல்கிறார். இறக்கலாமா?” இதுதான் கேள்வி.

இறக்க வேண்டாம். மச்சான் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் பிரீசியன் குளிர்நாட்டு மாடு. நுவரெலியாவின் 16 பாகைக் குளிரில் அது வயிறு நிறையத் தின்று பால் தரும். இங்கே ஆடி மாத மதியத்தில் 34, 35 பாகை. மாடு மேல்மூச்சு வாங்கிக்கொண்டு நிழல் தேடுமே தவிர, தின்னாது. தின்னாத மாடு கறக்காது, பருவத்துக்கும் ஒழுங்காக வராது. நம்முடைய வெக்கைக்கு ஜேர்சிக் கலப்பும் சாஹிவால் கலப்பும் பொருந்தும். பிரீசியன் இரத்தம் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் ஆறு மாடும் தை மாதத்தில் நன்றாகக் கறக்கின்றன என்றால் மாட்டில் குறை இல்லை. அதே மாடு ஆவணியில் ஏன் கறக்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு, மாட்டுக்குப் பக்கத்தில் மணிக்கூட்டோடு நில்லுங்கள். மாட்டின் விலாப்புறம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் மாடு வெக்கையில் கஷ்டப்படுகிறது. 80-ஐத் தாண்டி, வாயில் எச்சிலும் வடிந்தால் அன்றைய பால் போனது போனதுதான்.

முதலில் தண்ணீர். நம் பகுதியில் பலர் காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி காட்டிவிட்டு, மாட்டைப் பகல் முழுக்க வரம்பில் கட்டிப்போடுகிறார்கள். பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். எட்டு லீற்றர் கறக்கும் மாடு இந்த வெயிலுக்கு 60, 70 லீற்றர் குடிக்கும். ரெண்டு வாளி எந்த மூலைக்கு? பழைய பிளாஸ்டிக் பரல் ஒன்றை நெடுக்காகப் பிளந்தால் ரெண்டு தொட்டி. நிழலில் வைத்து, மாடு நினைத்த நேரம் குடிக்கும்படி விடுங்கள். மருந்தோ இரசாயனமோ வந்த பரல் வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். தண்ணீரை மட்டும் சரிசெய்தாலே ஒரு கிழமைக்குள் பாலில் வித்தியாசம் தெரிவதுண்டு. செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

அடுத்தது நிழல். கொட்டில் தகரம் என்றால், அதற்கு மேலே கிடுகு பரப்புங்கள். தாழ்ந்த கூரையின் கீழ் மாடு அவியும்; பத்தடி உயரமாவது வேண்டும். பக்கங்களை அடைக்காமல் விட்டால் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) உள்ளே ஓடும். மதியம் முதுகில் தண்ணீர் ஊற்றுவது நல்லதுதான், ஆனால் காற்றோட்டம் இருக்க வேண்டும். காற்றில்லாத கொட்டிலுக்குள் தண்ணீரை அள்ளி ஊற்றினால் புழுக்கம்தான் கூடும். தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும். ஆகவே வெயில் காலத்தில் புல்லையும் வைக்கோலையும் பொழுதுபட்ட பிறகும் விடியமுன்னும் போடுங்கள். மாடு இரவெல்லாம் ஆறுதலாகத் தின்னட்டும்.

இனித் தீவனம். உங்கள் பிரச்சினையின் அடி வேர் இங்கேதான் இருக்கிறது.

தம்பலகாமத்தில் மாட்டுக்குப் புல் இல்லாத காலம் வெயிலால் மட்டும் வருவதில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் பெரும்போகமும் உண்டு, சிறுபோகமும் உண்டு. விதைத்த வயலுக்குள் மாட்டை இறக்க முடியாது. மேட்டுநிலத்தில் வைகாசிக்குப் பிறகு புல் காய்ந்துவிடும். அதனால் வயலில் நெல் பச்சையாக நிற்கும்போதுதான் மாடு பட்டினி கிடக்கிறது. அதே வயலில் மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும், மெஷின் கொட்டிய வைக்கோலை நாங்களே நெருப்பு வைத்து எரிக்கிறோம். ஆவணியில் தீவன மூட்டைக்குக் கடன் வாங்குவதும் நாங்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். மாடு ஒன்றுக்கு நாளுக்கு ஐந்து கிலோ வைக்கோல் என்று வைத்தால், ஆறு மாட்டுக்கு மூன்று மாதத்துக்கு 2,700 கிலோ வேண்டும். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் எடுக்கலாம் என்றால் ரெண்டு ஏக்கர் வைக்கோலில் காரியம் முடிந்தது. உங்களுக்கு அவ்வளவு வயல் இல்லாவிட்டால் பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். எரிக்கப் போகிறதை யாரும் விலை பேச மாட்டார்கள். அறுத்த ரெண்டு மூன்று நாளில், பனி இறங்கிப் பூஞ்சணம் பிடிக்க முன் சேர்த்துவிட வேண்டும். தரையில் கட்டை அடுக்கி, அதன்மேல் போர் வைத்து, மேலே மூடிவிடுங்கள்.

வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. மாடு அரைமனதோடுதான் தின்னும். அதற்குத்தான் யூரியா வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். யூரியாவை முழுக்கக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் பூவாளியால் தெளித்து மிதித்து இறுக்க வேண்டும். பிறகு பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். நம் வெக்கைக்குப் பத்து நாள் போதும். திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வரும். வைக்கோல் மஞ்சள் கடுத்து மென்மையாகியிருக்கும். நெடி வராவிட்டால் எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் முதல்நாள் எடுத்து நிழலில் பரப்பி, நெடி போன பிறகு போடுங்கள். முதல் கிழமை கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். யூரியாத் தண்ணீரைக் குடித்த மாடு வைத்தியர் வருவதற்குள் செத்துப்போகலாம். அளவு கூடினால் நல்லது என்று ஐந்து, ஆறு கிலோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம்.

இதோடு பச்சையும் கொஞ்சம் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் கால் ஏக்கரில் சீஓ-3 புல் நடலாம், தண்ணீர் இல்லாத இடத்தில் அதை நம்பி இறங்காதீர்கள். வேலியில் கிளிரிசீடியாக் கம்பு ஊன்றினால் வெயில் காலத்திலும் இலை கிடைக்கும், அந்த இலையில் புரதம் தாராளம். மாடு முதலில் மணத்துக்கு ஒதுக்கும். வெட்டி ஒருநாள் வாடவிட்டுப் போட்டால் பழகிவிடும். இப்பிலிப்பில் (சூபாபுல்) இலையும் நல்லது, ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தீவன மூட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. ரெண்டு லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ என்ற அளவுக்கு மேல் போடுவது வீண். நார்த்தீனி இல்லாமல் தவிட்டையும் மாவையும் கூட்டினால் பாலில் கொழுப்பு இறங்கும். மாடு வைக்கோலையும் புல்லையும் அசைபோட்டுச் செரிக்கும்போது வரும் அமிலத்திலிருந்துதான் பாற்கொழுப்பில் ஏறக்குறையப் பாதி உருவாகிறது. உங்கள் பாலில் கொழுப்புக் குறைவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கறக்கும் விதம். கன்றை ஊட்டவிட்டுச் சுரந்ததும் இழுத்துக் கட்டி, கறந்து, மடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கன்றை அவிழ்த்துவிடுவதுதான் நம் வழக்கம். கன்றுக்குப் பால் விடுவது நியாயம்தான். ஆனால் மடியில் முதலில் வருவது தண்ணிப் பால், கடைசியில் வருவதுதான் கொழுப்புப் பால். நீங்கள் தண்ணிப் பாலைக் கொண்டுபோய் விற்கிறீர்கள், கன்று நெய்யைக் குடிக்கிறது! ஒரு முலையைக் கன்றுக்கென்றே ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் ஒட்டக் கறந்து பாருங்கள். நிலையத்தில் மாதிரி எடுக்க முன் பாலை நன்றாகக் கலக்கிவிடச் சொல்லுங்கள், ஆடை மேலே மிதக்கும்போது அடியிலிருந்து எடுத்தால் கொழுப்புக் குறைவாகத்தான் காட்டும். பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியும் சூடான பாலில் குறைத்துக் காட்டும். கறந்த கையோடு, நுரையோடு அளந்தாலும் அப்படியே. வெப்பநிலை பார்த்துத் திருத்துகிறார்களா என்று பணிவாகவே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பால் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் பாத்திரமும் நேரமும்தான் காரணம். பிளாஸ்டிக் வாளியில் விழும் கீறலுக்குள் பால் தங்கிப் புளிக்கும். அலுமினியம் அல்லது எவர்சில்வர் வாளிக்கு மாறுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரால் அலசி, பிறகு சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். எடுத்த எடுப்பில் சுடுநீர் ஊற்றினால் பால் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கறந்ததிலிருந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். வழியில் பால் கானைச் சுற்றி ஈரச்சாக்கு இருக்கட்டும். நேற்றுப் பின்னேரப் பாலைக் காலைப் பாலோடு கலப்பது வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் திரும்பி வந்தால் மடியைச் சந்தேகியுங்கள். கறக்க முன், ஒவ்வொரு முலையிலிருந்தும் முதல் ரெண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். சின்னச் சின்னத் திரளை தெரிந்தால் மடிவீக்கம் தொடங்கிவிட்டது. ஒரு மாட்டின் கெட்ட பால் முழுக் கானையும் கெடுக்கும். அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, பாலைத் தனியாக எடுத்து ஊற்றிவிட்டு, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மருந்து ஊசி போட்டால் வைத்தியர் சொல்லும் நாள்வரைக்கும் அந்தப் பாலை விற்கக் கூடாது, வீட்டுக்கும் எடுக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்கழியில் மண்டோஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டமாகச் செத்தது நினைவிருக்கும். குளிரும் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தது. வெக்கையில் பழகிய மாடு, அதுவும் மெலிந்த மாடு, வெட்டையில் நனைந்துகொண்டு நின்றால் தாங்காது. கார்த்திகைக்கு முன் கொட்டிலின் வாடைக்காற்றுப் பக்கத்தைச் சாக்காலாவது மறையுங்கள், தரையை உயர்த்துங்கள், சேர்த்த வைக்கோலில் ஒரு பங்கை மழைக்கென்று ஒதுக்கி வையுங்கள். தொண்டை அடைப்பானுக்கான தடுப்பூசியும் மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய்க்கான ஊசி எப்போது வருகிறது என்றும் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

பின்னேரப் பாலை எடுக்க ஆள் வருவதில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயிராக்குங்கள். நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றிச் சட்டியில் வையுங்கள். கிண்ணியா எருமைத் தயிர் மாதிரிக் கட்டியாக வராது. எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதம், உங்கள் மாட்டுப் பாலில் அதில் பாதிதான். கொஞ்சம் எருமைப் பால் வாங்கிக் கலந்தால் கட்டும், ஆனால் கலந்தது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் வருவது சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும். உங்கள் பால் வற்றும் அதே மாதங்கள்தான் அங்கே தயிருக்குக் கேள்வி கூடும் மாதங்கள். மாசியில் வைக்கோலை மூடும்போதே அங்கே ரெண்டு விடுதியில் பேசிவையுங்கள், நாளுக்கு எத்தனை சட்டி எடுப்பார்கள் என்று.