கீழாநெல்லி குடித்து மஞ்சள் காமாலை இறங்கிவிட்டது. இனியும் வைரஸ் கல்லீரலைக் கெடுக்குமா?

எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில், அசுத்தமான தண்ணீரால் வரும் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே விலகிவிடும், கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும். இரத்தத்தின் வழியே தொற்றும் பி, சி இரண்டும் உடலிலேயே நிலைத்துவிடக்கூடியவை. எனக்கு இருப்பது பி.

முதல் பிரசவத்துக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் அது தெரியவந்தது. அதுவரை என் கண்கள் ஒருநாளும் மஞ்சளானதில்லை. பிறகு மருத்துவர் விளக்கியது என்னை உலுக்கிவிட்டது. இந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. உள்ளே புகுந்து சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். அதை ஒழிக்க வரும் நம் எதிர்ப்பு அணுக்கள்தாம் வைரஸ் குடியேறிய செல்லையும் சேர்த்து அழிக்கின்றன. அப்படி உடைந்த செல்களிலிருந்து இரத்தத்தில் கசியும் நொதியைத்தான் எஸ்ஜிபிடி என்னும் இரத்தப் பரிசோதனை அளக்கிறது.

பி வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோரின் உடல் ஆறு மாதத்துக்குள் வைரஸை வென்றுவிடும். பிறக்கும்போதே தொற்றினால், தடுப்பு மருந்து தராவிட்டால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பிறகு பல ஆண்டுகள் விட்டுவிட்டு நடக்கும் அந்தப் போரில் புண் ஆறிய இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு மண்டினால் கல்லீரல் சுருங்கி இறுகும், புற்றுநோயும் வரலாம். கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது என்பதால் இவ்வளவும் நமக்குத் தெரியாமலே நடக்கும்.

கீழாநெல்லியை நான் இழிவாகப் பேசமாட்டேன். மாமியார் அரைத்துத் தந்ததை நானும் குடித்திருக்கிறேன். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி வகைச் செடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு பி வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்ததாகச் சொன்னார்கள். பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்கும் அதில் பங்கேற்றவர். ஆனால் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்னைவிட மகிழ்ந்திருப்பவர் யார்?

ஆகவே கண் வெளுத்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி, சி இரண்டுக்குமான இரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். சி என்றால் சில மாத மாத்திரைகளில் பெரும்பாலோருக்கு முழுமையாகவே குணமாகிறது. பி என்றால் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு. எனக்கு அது தினமும் ஒன்று.

என் மகளுக்குப் பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்தப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். இப்போது அவளுக்கு ஆறு வயது. அவள் இரத்தத்தில் பி இல்லை.