எதிரே நிற்பவருக்கு என்ன பெயர்? போட்டி, பகை, சண்டைச் சொற்கள்: கேள்வி பதில்

மதுரை அச்சகங்களில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். போட்டி, பகை, சண்டை பற்றிய சொற்களில் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

திருமங்கலத்தில் இருந்து ஓர் ஆசிரியை: பகை, இகல், போட்டி மூன்றையும் ஒரே பொருளில் எழுதலாமா ஐயா?

வேண்டாம் அம்மா, மூன்றும் மழுங்கிப் போகும். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் முந்தினால் போட்டி. பொருள் ஒருவர் கைக்கு வந்ததும் முடிந்துவிடும். பகைக்குப் பொருளே வேண்டாம், காரணம் மறந்த பிறகும் பேரன் காலம் வரை ஓடும். இகல் இந்த இரண்டுக்கும் அடியில் கிடக்கிற மனம். வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரம் வைத்துவிட்டு, அடுத்த மூன்று அதிகாரங்களில்தான் பகைக்கு வருகிறார். 'பகல் என்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்' என்று இகலைச் சொல்கிறார். இங்கே பகல் என்பது வெயில் நேரம் இல்லை, சேராமல் பிரிந்து நிற்பது. பகு, பகிர், பகை என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், வேர் தெரியும்.

உசிலம்பட்டி: பங்காளிச் சண்டை என்கிறோம், பங்காளிப் பகை என்றும் சொல்கிறோம். எது சரி?

இரண்டும் வழக்கில் உண்டு. நான் சண்டை என்றே எழுதுவேன். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வரப்புக்காகப் பதினான்கு வருஷம் பேசவில்லை. பொங்கலுக்குக் கூட அந்த வீட்டு வாசலை எங்கள் வீட்டார் மிதித்ததில்லை. சித்தப்பா வீட்டில் சாவு விழுந்த அன்று, யாரும் கூப்பிடாமலே அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற நீர்மாலைக்கு முன்னால் நடந்தார். பங்காளி இல்லாமல் நீர்மாலை எடுக்க முடியாது. பகையாளி என்றால் அந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டார்.

மேலூர், கல்லூரி மாணவர்: ஜல்லிக்கட்டில் காளையும் வீரரும் எதிரிகள்தானே? 'அடக்குதல்' என்று பேப்பரில் போடுகிறார்களே?

தம்பி, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊரிலும் வாடிவாசல் பக்கம் நின்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'மாடு பிடிக்கிறவன்' என்பார்கள், 'மாடு அணையிற பையன்' என்பார்கள். அடக்குதல் வெளியில் இருந்து பார்த்து எழுதுகிறவரின் சொல். அணைதல் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கியவனின் சொல். கலித்தொகை ஏறு தழுவுவதைப் பாடுகிறது. தழுவுவதும் அணைப்பதும் ஒன்றுதான். உயிரைப் பணயம் வைக்கிற ஓர் ஆட்டத்துக்கு, குழந்தையைத் தூக்கிக்கொள்ளும்போது சொல்கிற அதே சொல்லை நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

பிடிபடாமல் போன காளைக்கும் அங்கே பரிசு உண்டு. வாடியை விட்டு ஓடாமல் திரும்பித் திரும்பி ஆளைத் தேடுகிற காளையை 'நின்னு விளையாடுது' என்பார்கள். சண்டை போடுகிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வாடிப்பட்டி: போலீஸ் தாளில் என் தம்பியை '2வது எதிரி' என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் பயந்துபோய் இருக்கிறோம். யாருக்கு எதிரி சார்?

சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குற்ற வழக்குத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அவ்வளவுதான். விரோதி என்று பொருள் இல்லை. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றும் பொருள் இல்லை. சொத்து, கடன் போன்ற உரிமை வழக்கு என்றால் வாதி, பிரதிவாதி. மனுவாகப் போட்டால் மனுதாரர், எதிர்மனுதாரர். எதிர்வீடு, எதிர்க்கரை என்கிறோமே, அந்த எதிர்தான் இதுவும். வழக்கு விஷயத்துக்கு உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

தேனி: 'வாகை சூடினார்' என்று விளையாட்டுச் செய்தியில் ஏன் எழுதுகிறார்கள்?

பழைய போர் இலக்கணத்தில் நமக்கு மிஞ்சிய ஒரே பூ அது. ஒவ்வொரு தரப்புக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பூ உண்டு. எதிரியின் மாட்டைக் கவர்ந்து போனால் வெட்சி, அதை மீட்கப் போனால் கரந்தை. கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளே இருந்து காத்தால் நொச்சி. இரண்டு பேரும் களத்தில் நேருக்கு நேர் நின்றால் தும்பை. வென்றவனுக்கு வாகை. ஒரே சண்டையை இரண்டு பக்கமும் நின்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நொச்சியைச் சளி பிடித்தால் ஆவி பிடிக்கப் பறிக்கிறோம், தும்பை மழை பெய்தால் வரப்போரம் வெள்ளையாக முளைத்து நிற்கிறது. இலையும் பூவும் தெரியும், போர்ப் பெயர்தான் மறந்துவிட்டது.

உங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமையும் இதில் இருக்கிறது. புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒரு கல்லில் 'ஆகோள்' என்று வெட்டியிருக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல், வெட்சிக்காரர் செய்கிற வேலை. தொல்காப்பியத்திலும் இதே சொல் வருகிறது.

செல்லூர்: ஒரண்டை இழுப்பது, வம்பு இழுப்பது, இரண்டும் ஒன்றா அண்ணே?

நெருங்கிய சொந்தம். வம்பு பேச்சிலேயே முடியலாம். ஒரண்டை, சும்மா போகிறவனை நிறுத்திச் சண்டைக்குக் கூப்பிடுவது. வம்புக்குப் பழைய நூல்களில் வேறு பொருள்: புதியது, நிலையில்லாதது. பருவம் தவறிப் பெய்கிற மழையை 'வம்ப மாரி' என்றார்கள்.

அண்ணாநகர், பட்டிமன்றப் பேச்சாளர்: எதிரணியைக் கிழித்துப் பேசினால்தான் கைதட்டல் விழுகிறது. அந்தக் காலத்திலும் இப்படித்தானா?

மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் என்ன சொல்கிறான் தெரியுமா? வாதம் செய்ய வந்தவர்கள் முறை அறிந்து பட்டிமண்டபத்தில் ஏறுங்கள் என்கிறான். அடுத்த மூச்சிலேயே, பிடிக்காதவரே எதிரே வந்தாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். செற்றம் மனதில் ரொம்ப நாள் வைத்திருக்கிற பகை, கலாம் அந்த இடத்தில் மூளுகிற சச்சரவு. வாதத்துக்கு மேடை கொடுத்துவிட்டு, இரண்டு சண்டைகளையும் பெயர் சொல்லி வெளியே நிறுத்துகிறான். எதிரணியின் வாதத்தைக் கிழியுங்கள், ஆளைத் தொடாதீர்கள்.

சோழவந்தான்: மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸ் அடிக்கிறோம். 'எல்கைப் பந்தயம்' என்பதை 'எல்லைப் பந்தயம்' என்று திருத்த வேண்டுமா?

எல்கை என்றே விடுங்கள். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு வைத்து ஓட்டுகிறவர்களின் வாயில் அது எல்கைதான். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோட்டீஸில் எல்லை என்று திருத்திவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு விழாக் கமிட்டிப் பெரியவர் அச்சகத்துக்கே வந்து, 'எங்க பந்தயம் இது இல்லையே தம்பி' என்றார். அந்த ஐநூறு தாளையும் ஒதுக்கிவிட்டு விடியும்முன் மறுபடி அடித்துக் கொடுத்தோம்.