உங்கள் தண்ணீரை மருமகன் ஏன் தூக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 56. சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் கிளினிக்கில் குளிசை எடுக்கிறேன். இந்த முறை உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடப்பதாக நேர்த்தி. மனைவி மறிக்கிறா. முருகன் காப்பான் என்றால் கேட்கிறா இல்லை. உயர்தரம் படிக்கும் என் தங்கையின் மகனும் வருகிறான்; என் பையையும் தண்ணீரையும் அவனே தூக்குவான். மனைவிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?
- வாசகர், கோப்பாய்

பதில்: மனைவி இருக்கட்டும். "அவனே தூக்குவான்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கோபம்.

ஆனி, ஆடி வெயிலில் அந்தக் காட்டில் ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 4 லீற்றர் தண்ணீர் வேண்டும். 4 லீற்றர் என்றால் 4 கிலோ. உங்களுடையதும் அவனுடையதும் 8 கிலோ. அதற்குமேல் அரிசி, பருப்பு, இரண்டு பேரின் உடுப்பு, படங்கு. கும்புக்கன் ஆறு தாண்டினால் கால் புதையும் மணல், வற்றிய மடுக்கள். இளந்தாரி தன் வேகத்தில் நடப்பான். அவன் இருநூறு மீற்றர் முன்னுக்குப் போனால் உங்கள் தண்ணீரும் அவனோடு போய்விடும்.

நீங்கள் எடுப்பது கிளிக்ளசைட் மாதிரியான குளிசை என்றால், சாப்பாடு பிந்திய நேரத்து நடையில் சீனி சடுதியாக இறங்கும். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், பிறகு கதை தடுமாறும். அந்த நிலையில் மருமகனைக் கூப்பிடவும் உங்களுக்குத் தோன்றாது. குளுக்கோசு உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பிறசருக்குச் சலம் போக்கும் குளிசை எடுத்தால் வெயிலில் உடம்பு இன்னும் கெதியாகக் காயும். அதற்காக நீங்களாகக் குளிசையை நிறுத்தவேண்டாம்; நடக்கப்போவதைச் சொல்லி கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். சீனிக்காரரின் பாதத்துக்குக் கொப்புளமும் முள்ளும் தெரியாமலே போகலாம். வெறுங்கால் நடை உங்களுக்குக் கூடாது. பழகிய சப்பாத்து போடுங்கள், இரவில் டோர்ச் அடித்து விரலிடுக்குவரை பாருங்கள்.

நீங்கள் விழுந்தால் தூக்க நாலு பேர் வேண்டும். யானையும் கரடியும் உலாவும் காடு. பொழுதுபட முன் தங்குமிடம் சேர வேண்டுமென்று கூட்டம் நடந்துவிடும். உங்களோடு நிற்கப்போவது அந்தப் பெடியன்தான். தங்கை அவனை உங்களை நம்பித்தானே விடுகிறா? மருமகனைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது தாய்மாமன் கடமை. அவன் முதுகில் உங்கள் நேர்த்தியை ஏற்றுவதற்கு உங்களுக்கு உரிமையில்லை. காவடியை ஆள் பிடித்துத் தூக்குவிப்பாரா யாராவது?

நடைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். டொக்டர் சம்மதித்தபின் வாரத்தில் மூன்று நாள் 5 கிலோமீற்றர், வெறும் பையோடு. பிறகு தூரத்தைக் கூட்டுங்கள், அதன்பின் பாரத்தை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால் முழங்கால்தான் முதலில் கெடும். கடைசி மாதம் வடமராட்சியின் மணற்காட்டு மணலில் 8 கிலோ பையோடு அடுத்தடுத்து இரண்டு நாள், நாளைக்கு 15 கிலோமீற்றர். தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்), குளிசை எல்லாம் உங்கள் முதுகில். முதல்நாள் யாரும் நடப்பார்கள். இரண்டாம்நாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தாலோ பாதத்தில் கொப்புளம் இருந்தாலோ இந்த வருடம் காட்டுக்குப் போகவேண்டாம்.

அப்படியானால் பஸ்ஸில் திஸ்ஸமகாராமைக்குப் போய், அங்கிருந்து றோட்டால் கதிர்காமத்துக்கு நடவுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள்.