பழைய கார் ஆசை அடுத்த தலைமுறைக்கும் இருக்குமா?

ஆசை இருக்கும். எந்தக் கார் மேல் என்பதுதான் மாறும்.

அப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. 60களில் மெட்ராஸிலேயே தயாரானது. பானட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்தே முன்பக்கம் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். அப்பா பள்ளியில் படித்த காலத்தில் ஊரில் ஹெரால்டு வைத்திருந்தவர் டாக்டர் ஒருவர்தானாம். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. 1998இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் தயாராக ஆரம்பித்தபோது நான் பிளஸ் டூ, கையில் பஸ் பாஸ். ரோட்டில் ஒரு லான்சர் போனால் வளைவு வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். என் மகனுக்கோ நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். நேரில் பார்த்ததே இல்லை, வீடியோ கேமில் ஓட்டியதோடு சரி! அதற்கே இந்த மயக்கம்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஹெரால்டில் எது உடைந்தாலும் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம், இல்லையென்றால் லேத்தில் கடைந்து போடலாம். 90களின் பிற்பகுதியிலிருந்து வந்த வண்டிகளில் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினி, போனால் கடையவா முடியும்? உடைக்கப் போகிற இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி வர வேண்டியதுதான்.

சட்டமும் நடுவயதுக் கார்களைக் கண்டுகொள்வதில்லை. 2021இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ எழுத்தோடு தனிப் பதிவு, 10 வருடத்துக்கு. தினமும் ஓட்டக் கூடாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட என்று எடுக்கலாம். ஹெரால்டு தப்பித்துவிட்டது. 1998 லான்சர் அங்கே போய்ச்சேர 2048 ஆகும். அதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. காட்டி, பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பிறகு இவ்வளவு பழைய கார்களுக்கு இன்னும் ஏறிவிட்டது. இவ்வளவுக்கும் ஈடுகொடுப்பதைவிடப் பழைய இரும்புக்குப் போடுவது சுலபம் என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

என்னைக் கேட்டால் அடுத்து மதிப்பு ஏறப்போவது மாருதி 800, அதிலும் 1986க்கு முன் வந்த முதல் வடிவம். 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் வண்டிகளுக்கு 2033இல் 50 வயது. ஈசியூ இல்லாத கார்புரேட்டர் எஞ்சின், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். எங்கள் தெருவிலேயே ஒன்று தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. சொந்தக்காரருக்கு வயது எண்பதுக்கு மேல். இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். “ஓடாட்டியும் பரவாயில்ல தம்பி, நிக்கட்டும்” என்கிறார்.