எறும்புகளும் மூன்று ஸ்க்ரோல்களும்

வணக்கம் சார்,

நீங்கள் பல வருடங்களாக நெட்ஹேக் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடுவதாக எழுதியதைப் படித்துத்தான் நானும் டவுன்லோடு செய்தேன். செமஸ்டர் லீவு முழுக்க இதுதான் வேலை. போன வாரம் வால்கிரி என்ற போர்வீராங்கனையாக ஆடி முதல்முறை பத்தாவது லெவல் வரை போனேன். ஒரு பெரிய அறையின் நடுவில் நாலு சோல்ஜர் எறும்புகள் சூழ்ந்துகொண்டன. 68 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 14-க்கு இறங்கியதும் கேமுக்குள்ளேயே சாமி கும்பிட்டேன். சாமிக்குக் கோபம்தான் வந்தது. ஓடிப் பார்த்தேன். ஐந்து நொடியில் எல்லாம் முடிந்துவிட்டது. செத்த பிறகு பார்த்தால், கடையில் 100 சொன்னதை நம்பி, என்ன மந்திரம் என்று தெரியாமலே வாங்கி, ஆபத்துக்கு உதவும் என்று பத்திரமாக வைத்திருந்த மூன்று ஸ்க்ரோலும் (மந்திரச் சுருள்) வேறு இடத்துக்குத் தூக்கிப்போகும் டெலிபோர்ட்! செத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, சேவ் ஃபைலைக் காப்பி எடுத்து வைத்து ஆடினால் தப்பா? இத்தனை வருடத்தில் இந்த கேம் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது? அம்மா இதை வெட்டி வேலை என்கிறார். அவரிடம் சொல்ல ஏதாவது கொடுங்கள்.

எஸ்., குரோம்பேட்டை

அன்புள்ள எஸ்.,

அம்மாவிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வெட்டி வேலைதான். கேம் ஆடினால் பொறுமை வளரும், முடிவெடுக்கும் திறன் கூடும் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நெட்ஹேக்கில் மணிக்கணக்காகப் பொறுமையாக இருக்கிற இதே ஆள்தான் சிக்னலில் பச்சை விழுந்த மறுநொடி ஹாரன் அடிக்கிறேன். அங்கே கற்றது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆனால் உங்கள் எறும்புகளைப் பற்றி நிறையப் பேசலாம்.

இதை ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. 1980-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ரோக் என்ற கேமின் வாரிசுகளைத்தான் ரோக்லைக் என்கிறோம். 1987-இல் வந்த நெட்ஹேக் அந்த வம்சம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதாளம் புதிதாக உருவாகும். செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அசல் வடிவத்தில் படம் கிடையாது, திரையில் வெறும் எழுத்துகள். மின்வெட்டுக் காலத்தில் என் பழைய லேப்டாப்பின் பேட்டரியை மிச்சம் பிடித்த ஒரே கேம் இது.

இப்போது உங்கள் மரணம். முதலில் சாமி. இந்த கேமில் இக்கட்டு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஹெச்பி மொத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும், அல்லது ஆறுக்குக் கீழே போக வேண்டும். 68-இல் ஏழில் ஒரு பங்கு பத்துக்கும் குறைவு. 14 வைத்திருக்கிறவன் சாமியின் பார்வையில் சௌக்கியமாக இருக்கிறான். ஒரு குறையும் இல்லாதவன் நேரம் காலம் பார்க்காமல் கூப்பிட்டால் கோபிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது ஓட்டம். சோல்ஜர் எறும்பின் வேகம் 18, உங்களுடையது 12. நீங்கள் இரண்டு அடி வைப்பதற்குள் அது மூன்று முறை நகரும். ஒவ்வொரு முறையும் ஒரு கடி, ஒரு கொட்டு. அதனிடமிருந்து காலால் தப்பிக்க முடியாது. ஆனால் இடத்தால் சமாளிக்கலாம். திறந்த அறையில் உங்களைச் சுற்றி எட்டுக் கட்டங்கள், நாலு எறும்பும் ஒரே சமயத்தில் கடிக்கும். அறையை விட்டு வெளியே குறுகிய நடைபாதைக்குள் போய் நின்றால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். எதிரே ஒன்று மட்டும் நிற்கும், மற்ற மூன்றும் அதன் பின்னால் வரிசையில். எறும்பு கண்ணில் பட்ட உடனேயே, 68 ஹெச்பி முழுசாக இருந்தபோதே, செய்திருக்க வேண்டியது அது.

அது தவறிப்போனாலும், 14 ஹெச்பியிலும் உங்களுக்கு வழி இருந்தது. தரைப் புழுதியில் விரலால் எல்பெரத் என்ற காப்புச் சொல்லை எழுத ஒரே ஒரு டர்ன் (உங்கள் ஒரு முறை) போதும். எறும்புகள் அந்தச் சொல்லுக்குப் பயப்படும். பையில் மூன்று ஸ்க்ரோல் வேறு.

நான் அதிகம் யோசித்தது அந்த ஸ்க்ரோல்களைப் பற்றித்தான். அடிப்படை விலை 100 உள்ள ஸ்க்ரோல்கள் பலவகை. தீ, தங்கம் காட்டுவது, வரைபடம் காட்டுவது, போட்டிருக்கும் கவசத்தை அழிப்பது, டெலிபோர்ட், இன்னும் சில. உங்களிடம் ஒரே ரகத்தில் மூன்று இருந்தன. உடம்பு நன்றாக இருந்த ஒரு நாளில், அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில், ஒன்றைப் படித்திருந்தால் என்னவென்று தெரிந்திருக்கும், கையில் இரண்டு மிஞ்சியிருக்கும். நல்ல சமயத்துக்கு என்று எடுத்து வைத்த பட்டுப்புடவை பீரோவிலேயே மடிப்பு விட்டுப் போகிற கதை. என்ன பொருள் என்று தெரியாமல் சேமிக்கிறபோது நாம் சேமிப்பது வெறும் சுமை. அதற்கும் இந்த கேமில் எடைக் கணக்கு உண்டு.

செத்ததும் நெட்ஹேக் ஒரு கேள்வி கேட்கும்: உன் உடைமைகள் என்னென்ன என்று தெரிந்துகொள்கிறாயா? பலர் கடுப்பில் வேண்டாம் என்று தட்டிவிடுவார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். எனக்கு இந்த கேமில் பிடித்த பக்கமே அதுதான். அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால், பெரும்பாலான ஆட்டங்களில் தப்பிக்கும் வழி பையிலேயே இருந்திருக்கும். இத்தனை வருடத்தில் எனக்குப் படிந்த பழக்கம் என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஹெச்பி பாதிக்கு வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். பிறகு பையைத் திறந்து, சாவதற்கு முன்பே அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படிப்பேன். பையைப் பார்ப்பதற்கு ஒரு டர்ன்கூடச் செலவாகாது.

ஐந்து நொடியில் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து நொடியை வைத்தது யார்? நீங்கள் ஒரு கீயை அழுத்தும் வரை எந்த எறும்பும் அசையாது. எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வரலாம், ரேஷன் கடைக்குக்கூடப் போய்விட்டு வரலாம். திரையில் அவை நாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று விரல் வேகமெடுக்கிறது. நல்ல ஆட்டக்காரர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

வெட்கப்படவும் வேண்டாம். 2021-இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டை ஒட்டி, கணினியை நெட்ஹேக் ஆடவைக்கும் போட்டி ஒன்று நடந்தது. ஒரு நிரல்கூட கேமை முடிக்கவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து விதிவிதியாக எழுதிய நிரல்கள்தான் தானாகக் கற்றுக்கொண்ட நிரல்களை முந்தின.

சேவ் ஃபைலைக் காப்பி எடுப்பது பாவமில்லை, உங்கள் கணினி, உங்கள் லீவு. ஆனால் அப்படி ஆடினால் ஸ்க்ரோலைப் படித்துப் பார்க்கத் தேவையே வராது, எல்லாவற்றுக்கும் பழைய காப்பி இருக்கும். பயமில்லாமல் சுற்றிப் பார்க்க ஆசை என்றால் கேமிலேயே எக்ஸ்ப்ளோர் மோடு இருக்கிறது. சாகும்போது சாகட்டுமா என்று உங்களையே கேட்கும். அதில் சில நாள் எறும்புகளோடு பழகுங்கள்.

வால்கிரியை மாற்ற வேண்டாம், புதியவர்களுக்கு அதைவிடத் தாங்குகிற ஆள் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. 2003 டிசம்பரில் வந்த 3.4.3 பதிப்புதான் பன்னிரண்டு வருடம் ஓடியது, அதனால் பழைய குறிப்புகள் பலவும் அதற்காக எழுதப்பட்டவை. எல்பெரத் மேல் நின்றுகொண்டே சண்டை போடலாம் என்று அவற்றில் இருக்கும். 2015 டிசம்பரில், சென்னையில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த வாரத்தில், 3.6.0 வந்தபோது அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அதன் மேல் நின்று வாளை வீசினால் எழுத்து அழிந்துவிடும். நீங்கள் அடிக்காவிட்டாலும், பயந்து விலகும் எறும்பினாலேயே அது அழிய ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. எழுதிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள், அந்த டர்ன்களுக்குள் ஸ்க்ரோலைப் படித்துக் கிளம்பிவிடுங்கள்.