மருத்துவமனையில் 19 நாள், இன்சூரன்ஸ் கொடுத்தது 6 நாளுக்கு: மீதிப் பணத்தை நாங்கள் கட்ட வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் 17 வருடமாக இருக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். மகனுக்கு 24 வயது. இரண்டு வருடமாக பைபோலார் என்ற மனநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறான். பிப்ரவரியில் மாத்திரையை நிறுத்திவிட்டான். நாலு இரவு தூங்கவே இல்லை, நிலைமை கைமீறிவிட்டது. இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள, அதாவது அதன் நெட்வொர்க்கில் உள்ள மனநல மருத்துவமனையில் 19 நாள் வைத்திருந்தார்கள். கணவரின் கம்பெனி இன்சூரன்ஸ் 6 நாளுக்குக் கொடுத்துவிட்டு, மீதி 13 நாள் மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று மறுத்துவிட்டது. இப்போது 31,200 டாலர் பில். வாராவாரம் கவுன்சலிங்குக்கு 225 டாலர் கையிலிருந்து கொடுக்கிறோம், கவுன்சலர் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தாலும் வருடத்துக்கு 20 முறைதான் என்கிறது இன்சூரன்ஸ். வந்த கவர்களை மூன்று மாதம் பிரிக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பீல் போட்டால் கணவர் வேலைக்கு ஆபத்து வருமா? பிரீமியத்தை எங்களுக்கு மட்டும் ஏற்றுவார்களா? 26 வயதுக்குப் பிறகு மகன் என்ன செய்வான்? பேசாமல் திருச்சிக்கே போய்விடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: அம்மா, முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் நகல் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் மார்ச் 4 என்று போட்டிருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறது பாருங்கள். இந்த முடிவை எதிர்த்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் சட்டப்படி கணக்கு. ஆனால் அது எந்த நாள் என்று பின்னால் சண்டை போட வேண்டாம். மார்ச் 4-லிருந்தே எண்ணினால் ஆகஸ்ட் 31-இல் கெடு முடிகிறது. இன்னும் நாள் இருக்கிறது. கவர்களை இப்போதாவது பிரித்தீர்களே, நல்லது. இதே பயத்தில் பிரிக்காமலே வைத்திருந்து கெடுவைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கெடு போய்விட்டால் கோர்ட்டுக்குப் போனாலும், முதலில் இன்சூரன்ஸிடம் ஏன் அப்பீல் செய்யவில்லை என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாவது, அந்த 31,200 டாலரை கிரெடிட் கார்டில் போடாதீர்கள். தவணைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கிறது என்கிறீர்கள். மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் பலவற்றில், தேவையில்லை என்று இன்சூரன்ஸ் மறுத்த நாட்களுக்கு, நானே கட்டுகிறேன் என்று நோயாளி முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, அவரிடம் பணம் கேட்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கும். பில்லிங் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: அப்பீல் நடக்கிறது, முடியும்வரை இந்தக் கணக்கை நிறுத்தி வையுங்கள், எந்த ஒப்பந்த விதிப்படி எங்களிடம் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். போனில் பேச வேண்டாம். லாப நோக்கில்லாத மருத்துவமனை என்றால் வருமானத்தைப் பார்த்துப் பில்லைக் குறைக்கும் உதவித் திட்டம் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு வந்த முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மனநோய்க்கு ஒரு நியாயம், உடல்நோய்க்கு ஒரு நியாயம் என்று இன்சூரன்ஸ் நடத்தக் கூடாது என்பது 2008-இலிருந்து அமெரிக்கச் சட்டம். மனநலச் சமநிலைச் சட்டம் என்று சொல்லலாம். பால் வெல்ஸ்டோன், பீட் டொமினிசி என்ற இரண்டு செனட்டர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள். இதில் மட்டும் சேர்ந்து நின்றதற்குக் காரணம், வெல்ஸ்டோனின் அண்ணனுக்கும் டொமினிசியின் மகளுக்கும் கடுமையான மனநோய் இருந்ததுதான். வெளியில் தெரிந்துவிடுமோ என்று நீங்கள் தவிப்பதைப் படித்ததும் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

சட்டம் கேட்பது ஒரு ஒப்பீட்டை. உங்கள் மகனுக்குப் பதிலாக உங்கள் கணவர் மாரடைப்பு வந்து 19 நாள் படுத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதய வார்டுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் போட்டு, இன்னும் படுக்கை தேவையா என்று இன்சூரன்ஸ் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது என்றால், மனநல வார்டுக்கு மட்டும் அப்படிக் கேட்பது சட்ட மீறல். 2021 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு இன்சூரன்ஸ் திட்டமும் இந்த ஒப்பீட்டைத் தானே செய்து எழுத்தில் வைத்திருக்க வேண்டும். உங்கள் கணவருடையதைப் போன்ற கம்பெனித் திட்டத்தில் அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2024-இல் வந்த புதிய விதிகளை இப்போதைக்கு அமல்படுத்தப் போவதில்லை என்று 2025 மே மாதம் அரசு அறிவித்தது. அதை வைத்து, சட்டமே போய்விட்டது என்று போனில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008 சட்டமும் 2021-இல் வந்த கடமையும் அப்படியே இருக்கின்றன.

அந்த 20 முறை கட்டுப்பாடு இன்னும் தெளிவான விஷயம். ஒரு திட்டத்தில் உடல்நோய்க்கான அதே வகைச் சிகிச்சைகளில் மூன்றில் இரண்டு பங்குக்காவது எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருந்தால்தான் மனநலத்துக்கும் அதை வைக்கலாம். சர்க்கரை நோய்க்காரர் வருடத்துக்கு 20 தடவைதான் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லும் திட்டத்தை நான் பார்த்ததே இல்லை. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் திட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு நிற்காது. போனில் பேசியவர் பழைய ஞாபகத்தில் சொல்லியிருக்கவும் கூடும். திட்டத்தின் எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்பீலில் எதை எழுதுவது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று நாலு பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். மனதை உருக்கும், ஆனால் முடிவை மாற்றாது. மறுப்புக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: ஏழாம் நாளிலிருந்து நோயாளி தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்தாக இல்லை. அந்த ஒரு வரிக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து முழு நோயாளிப் பதிவையும் வாங்குங்கள். டாக்டரின் சுருக்கம் மட்டும் போதாது, நர்ஸ்களின் குறிப்பும் வேண்டும். மனநல வார்டில் இரவில் நர்ஸ்கள் சுற்றி வந்து, யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். ஏழாம் இரவு உங்கள் மகன் இரண்டு மணி நேரம்தான் தூங்கினான் என்று அதில் இருந்தால், பித்து நிலை இன்னும் இறங்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. லித்தியம் கொடுத்திருந்தால் ரத்தத்தில் அதன் அளவு எந்த நாளில் சரியான எல்லைக்கு வந்தது என்ற லேப் ரிப்போர்ட்டையும் எடுங்கள். அந்த மருந்து பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பது எந்த மனநல மருத்துவருக்கும் தெரியும். சிகிச்சை தந்த டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். ஏழாம் நாள் வெளியே அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவர் தேதி வாரியாகச் சொன்னால் போதும்.

இதோடு இன்சூரன்ஸிடமும் கேட்டு வாங்குங்கள்: உங்கள் மகனின் முழு கிளைம் கோப்பு, மறுக்கப் பயன்படுத்திய மருத்துவ அளவுகோல், நான் சொன்ன ஒப்பீட்டு ஆவணம். கோப்பை இலவசமாகத் தர வேண்டும். திட்டத்தின் ஆவணங்களை எழுத்தில் கேட்டு 30 நாளுக்குள் தராத நிர்வாகிக்கு நீதிமன்றம் ஒரு நாளைக்கு 110 டாலர் வரை அபராதம் போட முடியும். அப்பீலைப் பார்ப்பவர் முதலில் மறுத்தவராகவோ அவருக்குக் கீழ் வேலை செய்பவராகவோ இருக்கக் கூடாது. ஏற்கனவே முடிந்த சிகிச்சைக்கு 60 நாளுக்குள் பதில் வர வேண்டும். அந்தப் பதிலும் மறுப்பாக இருந்தால், நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு கேட்கலாம். இன்சூரன்ஸோடு சம்பந்தமில்லாத மருத்துவர் பார்த்து 45 நாளுக்குள் சொல்வார், அது இன்சூரன்ஸைக் கட்டுப்படுத்தும். ஜெயித்தால் அந்த 13 நாளும் வழக்கமான கணக்கில் சேரும். 2025-ஆம் ஆண்டுத் திட்டத்தில் நெட்வொர்க் சிகிச்சைக்கு ஒருவர் கையிலிருந்து கொடுக்க வேண்டியதன் உச்சம் 9,200 டாலர். உங்கள் திட்டத்தில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மகனுக்கு 24 வயது. அவன் கையெழுத்து இல்லாமல் மருத்துவமனையும் பேசாது, இன்சூரன்ஸும் பேசாது. பிரதிநிதியாக உங்களை நியமிக்கும் படிவம் இன்சூரன்ஸ் இணையதளத்தில் இருக்கும். அவன் நிதானமாக இருக்கும் ஒரு நாளில், பில்லைப் பற்றிக் குற்றம் சொல்லாமல், உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்குங்கள்.

கவுன்சலிங்குக்கு வருகிறேன். இந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் பலர் இன்சூரன்ஸே எடுப்பதில்லை, பட்டியலில் பெயர் இருக்கும், கூப்பிட்டால் ஆள் இருக்க மாட்டார். பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தேதி, நேரம், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பேர் இடமில்லை என்றால், அந்த நோட்டின் நகலோடு, இப்போது பார்ப்பவருக்கே நெட்வொர்க் கட்டணத்தில் அனுமதி கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன், கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

கணவர் வேலை பற்றிய பயம் புரிகிறது. இன்சூரன்ஸ் உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்பதற்காக ஊழியரை ஒதுக்குவதையும் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளில் தடுத்திருக்கிறார்கள். பிரீமியம் விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். ஒரு குழுவில் ஒருவருக்கு மட்டும் நோயைக் காட்டிப் பிரீமியம் ஏற்றக் கூடாது என்பது 1996-இலிருந்து சட்டம்.

ஆனால் ஹெச்ஆரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்தத் திட்டத்தில் கிளைம் பணத்தைக் கம்பெனியே கொடுக்கிறதா, இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கிறதா? கம்பெனியே கொடுப்பதானால் மத்திய தொழிலாளர் துறையிடம் புகார் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுப்பதானால் நியூ ஜெர்சி மாநிலத்தின் இன்சூரன்ஸ் துறையிடமும் போகலாம். நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே இதைக் கேட்கலாம்.

பெற்றோரின் இன்சூரன்ஸில் பிள்ளை இருக்க முடிவது 26 வயது வரைதான். அதற்குப் பிறகு என்ன என்பதற்கும் ஹெச்ஆர் சொல்லும் பதில் உதவும். மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டமாக இருந்தால், கல்யாணமாகாத, குழந்தையில்லாத பிள்ளைக்கு 31 வயது வரை தனிப் பிரீமியம் கட்டித் தொடரும் வழி நியூ ஜெர்சியில் உண்டு. இல்லையென்றால் கோப்ரா என்ற முறையில் 36 மாதம் இதே இன்சூரன்ஸில் இருக்கலாம், ஆனால் முழுப் பிரீமியமும் கூட 2 சதவீதமும் நீங்கள்தான் கட்ட வேண்டும். மூன்றாவது, மாநிலத்தின் இன்சூரன்ஸ் சந்தையில் தனியாக வாங்குவது. 2014-இலிருந்து அங்கே பழைய நோயைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது, விலையும் ஏற்ற முடியாது. நியூ ஜெர்சியில் வயது, குடும்ப அளவு, இவ்வளவுதான் கணக்கு. இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் சேர வேண்டும். வருமானம் குறைவாக இருந்தால், அப்படிப்பட்டவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டையும் பாருங்கள். கோப்ரா வேண்டாம், சந்தையும் வேண்டாம் என்று ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

திருச்சி பற்றி: அங்கே சொந்தம் இருக்கிறது, வேளாவேளைக்குப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, அது பெரிய விஷயம்தான். இந்தியாவிலும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். பில்லுக்குப் பயந்து மட்டும் போவதாக இருந்தால், இந்த அப்பீல் முடியட்டும், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

டாக்டரின் கடிதமும் நர்ஸ் குறிப்பும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அப்பீலோடு வைக்கும் முன் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஜூலை முடிவதற்குள் அனுப்பிவிட்டால் திருத்த நேரம் இருக்கும். நடுவில் மகனுக்கு மறுபடி தூக்கம் குறைய ஆரம்பித்தால் எதற்கும் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி என்றால் மனநல நெருக்கடிக்கான உதவி எண் 988-ஐ அழையுங்கள்.