பாசித்தாளில் கருவாடு கட்டலாமா?

கேள்வி: எங்கள் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து சாளை, நெத்தலிக் கருவாடு பொட்டலம் போட்டு விற்கிறோம். பாலித்தீனுக்குப் பதில் கடல்பாசியில் மக்கும் தாள் செய்து, முருங்கை இலைச் சாறு கலந்தால் கருவாடு மாதக்கணக்கில் கெடாது என்று கல்லூரியில் படிக்கிற என் அண்ணன் மகள் சொல்கிறாள். நம்பிச் செய்யலாமா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: மருமகள் சொல்வதில் பாதி சரி. தாள் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். கீழக்கரைப் பக்கம் நோன்பு திறக்கக் காய்ச்சுவார்களே கடல்பாசி, அதையே மெல்லிசாக ஊற்றிக் காயவிட்டால் தாள்தான். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கிற அகர் அது. உங்கள் ஊரில் பெப்சி பாசி என்கிறீர்களே, அதிலிருந்து வருகிற காரஜீனன் என்கிற பசைப்பொருளிலும் செய்யலாம்.

100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் அகர் தூள், முக்கால் கிராம் கிளிசரின். கிளிசரின் இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கொதிக்கவிட்டுக் கரைத்து, சூடு 60 டிகிரிக்கு இறங்கியதும் சாற்றைக் கலந்து, உறைவதற்குள் ஊற்றிவிட வேண்டும். பச்சை இலையை அரைத்துக் கொட்டாதீர்கள், நிழலில் உலர்த்திய இலையை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாறு போதும். நான் முதல் தடவை எவர்சில்வர் தட்டில் ஊற்றிவிட்டு மறுநாள் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றுங்கள்.

சாறு எதற்கு என்றால், சாளையில் எண்ணெய் அதிகம். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் கருவாடு பழுப்பேறி சிக்கு வாடை அடிக்கிறது. முருங்கை, கொய்யா இலைகளில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்கிற இயற்கைப் பொருள்கள் அதைத் தாமதப்படுத்தும். பூஞ்சணத்துக்கு கிராம்பு எண்ணெய் இன்னும் நல்லது, ஆனால் கருவாடு கிராம்பு மணந்தால் யார் வாங்குவார்கள்?

இனி அந்த மீதிப் பாதி. அகர் தாள் காய்ந்திருக்கும்போது ஆக்சிஜனை நன்றாகவே தடுக்கும், ஈரம் பட்டால் போச்சு, ஊறித் தொளதொளத்துவிடும். உப்போ, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் உப்புக் கருவாட்டை வெறும் பாசித்தாளில் கட்டி வைத்தால் தாளும் கருவாடும் சேர்ந்தே பிசுபிசுக்கும், அப்புறம் பூஞ்சணம்தான். தேன்மெழுகு பூசினால் ஈரம் ஓரளவு குறையும், அவ்வளவுதான். அதனால் பாசித்தாளை உள்சுற்றாக மட்டும் வையுங்கள், வெளியே இறுக்கமாக மூடுகிற டப்பா வேண்டும். ஓலைப்பெட்டி அழகுதான், ஈரத்தைத் தடுக்காது. மாதக்கணக்கு என்றெல்லாம் பொட்டலத்தில் அச்சடிக்க வேண்டாம். முதலில் பத்துப் பொட்டலம் தாளோடும் பத்து தாள் இல்லாமலும் வைத்து, வாரம் இரண்டிலும் ஒவ்வொன்றைப் பிரித்துப் பாருங்கள். மண்டபத்திலேயே மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, பாசி அவர்கள் வேலை, போய்க் கேளுங்கள்.

கேள்வி: சங்குப்பூ சேர்த்த தாள் மீன் கெட்டதை நிறம் மாறிக் காட்டுமாமே?
- ஒரு வாசகர், தொண்டி

பதில்: காட்டும். மீன் கெடும்போது அம்மோனியா மாதிரியான காரவாயுக்கள் வரும், அது பட்டால் பூவின் நீலம் பச்சையாகும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தனித்தனியே விட்டு வீட்டிலேயே பார்க்கலாம், ஒன்றில் ஊதா, ஒன்றில் பச்சை. ஐஸ் தண்ணீர் பட்டால் சாயம் கரைந்துவிடும், அதனால் தாள் துண்டை மீனில் படாமல், டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்ட வேண்டும்.